வாய்மைக்குரிய பெண்கள்

பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நின்றால் குடும்பம் தழைக்கும், ஊர் செழிக்கும் என்பதை யாவரும் ஒப்புவர். அதனை எடுத்துரைக்கக் கட்டுரை தேவையில்லை. நாம் கேட்பது வேறு. துணை நிற்பதற்கு முன் இருவரிடையே நேசம் இருந்தாக வேண்டுமா? மனம் ஒட்டாத இடத்திலும் அது கடமையாகுமா?

எளியதை முதலில் காண்போம். மக்கத்து வணிகர் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் திருமகளார் அஸ்மா (ரலி) அவர்களை மணந்த ஸுபைர் (ரலி) அவர்களிடம், ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஒட்டகமும் அன்றி வேறு செல்வமில்லை. ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் அஸ்மா அவர்களே குதிரைக்குத் தீனி வைத்தார்கள், தண்ணீர் கொணர்ந்தார்கள், தோல் வாளியைத் தைத்தார்கள், பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தொலைவு நடந்தார்கள், மாவும் பிசைந்தார்கள். ரொட்டி சுடுவது மட்டும் கைவரவில்லை. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் அதனைச் சுட்டுக் கொடுத்தார்கள்.

பிற்காலத்தில் மகனார் உர்வாவிடம் இதனைச் சொன்ன அஸ்மா அவர்கள், அப்பெண்களை 'ஸித்கு' என்னும் சொல்லோடு இணைத்துக் குறித்தார்கள். வாய்மை பேசும் பெண்கள் என்றன்று. வாய்மைக்கே உரிய பெண்கள் என்று. அரபு இலக்கணத்தார் இதனை 'இளாஃபத்' என்பர். தந்தையாரின் 'சித்தீக்' என்ற பட்டமும் இதே வேரில் கிளைத்ததே. ரொட்டி சுட்டுத் தந்த பெண்களின் பெயர் அச்செய்தியில் இல்லை. இந்தச் சொல் இருக்கிறது.

அண்டை வீட்டாளுக்கு அளிப்பது ஆட்டுக் குளம்பே ஆயினும் அதனை அற்பமாக எண்ணலாகாது எனப் பெருமானார் (ஸல்) முஸ்லிம் பெண்களை விளித்துப் பணித்தார்கள். இப்பணிப்பு கொடுப்பவளுக்கா, பெறுபவளுக்கா? அரபு வாசகம் இரண்டிற்கும் இடம் தருகிறது. உரைகாரர்களும் இரண்டையும் உரைத்துள்ளனர். கஞ்சி வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பி அனுப்பாத நம் தாய்மாரின் வழக்கத்தில் இவ்விரு பொருளும் அடங்கியுள்ளன. நாம் கிதாபைப் புரட்டித் தாமதமாய் அறிந்தது, அவர்களுக்கு அடுப்படியிலேயே விளங்கியிருந்தது போலும்.

ஆனால் ரொட்டியும் கஞ்சியும் நேசத்தின் எல்லைக்குள் அடங்குபவை. அயலாளின் மானம் ஊர் வாயில் அகப்படும் போதன்றோ சோதனை!

பனூ முஸ்தலிக் போரினின்று திரும்புகையில், தொலைந்த கழுத்தணியைத் தேடப் போன அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்தங்க நேர்ந்தது. (இது ஹிஜ்ரீ 5 என்பாரும் 6 என்பாரும் உளர்.) அதனைக் கொண்டு எழுந்த அவதூறு ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவில் உலவிற்று. தாய் வீட்டில் அழுதுகொண்டிருந்த அன்னையாரிடம் அன்ஸாரிப் பெண் ஒருவர் அனுமதி கேட்டு வந்தார், அருகில் அமர்ந்தார், கூடவே அழுதார். ஆறுதல் மொழி எதுவும் சொன்னதாகச் செய்தியில்லை.

இனி ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். பெருமானாரின் துணைவியருள் தமக்கு நிகராய்ப் போட்டியிட்டவர் இவரே என்று ஆயிஷா அவர்களே கூறியுள்ளார்கள். ஸைனபின் உடன்பிறந்த ஹம்னாவோ, சகோதரிக்காகப் பரிந்து அவதூறு பேசியோருடன் சேர்ந்துவிட்டார். பெருமானார் ஸைனப் அவர்களிடம் வினவினார்கள். ஐயத்தோடு ஒரு சொல் போதும். ஒன்றும் பேசாதிருந்தாலும் போதும். தம் செவியையும் கண்ணையும் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவிடம் நன்மையன்றி வேறெதனையும் அறியவில்லை என்றும் விடையளித்தார்கள்.

நேசமின்றிச் செய்வது வறண்ட கடமையே என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. நேசத்தை மட்டும் நம்பிய உதவி, நேசம் வற்றிய அன்றே வற்றும். இந்நிகழ்ச்சி குறித்து அருளப்பட்ட நூர் அத்தியாயம், விசுவாசிகளான ஆண்களும் பெண்களும் 'தங்களைப்' பற்றி நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாவா என்று வினவுகிறது. ஆயிஷாவைப் பற்றி என்றில்லை, தங்களைப் பற்றி! பழிக்கப்பட்டவள் நமக்கு அயலாள் அல்லள் என்பது அச்சொல்லிலேயே இருக்கிறது.

கணவன் சபரில் இருக்கும் இளம்பெண், மணவிலக்குப் பெற்றுத் தாய்வீடு திரும்பியவள் ஆகியோரைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் எத்தனை எளிதாய்ப் புகுகிறது! ஓரகத்தியோ நாத்தனாரோ, நாங்கள் அறிந்தது நன்மையே என்று ஒரு சொல் சொன்னால் அது அங்கேயே அவியும். அவளோடு அவர்களுக்கு ஆயிரம் மனத்தாங்கல் இருக்கலாம், இருக்கட்டும். இதில் ஆடவர்க்குப் பங்கில்லை என்று எவரும் எண்ணற்க. மதீனாவில் அவதூற்றை முன்னின்று பரப்பியவன் அப்துல்லாஹ் பின் உபை என்னும் ஆடவனே.

ஸைனப் அவர்கள் அன்று கூறிய விடை நமக்கு எட்டியது ஆயிஷா (ரலி) அவர்களின் வாய்மொழியால்தான். போட்டியாளர் என்று சொன்ன அதே நாவினால், அவரை இறையச்சம் காத்தது என்றும் அன்னையார் சொல்லிவிட்டுப் போனார்கள்.