கைக்கூலியும் கருவிலே மாயும் பெண்மக்களும்





திருமறையின் 81வது அத்தியாயமான சூரத்துத் தக்வீர், கியாமத் நாளின் பயங்கரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. சூரியனும் மலையும் கடலும் நிலைகுலையும் செய்திகளுக்கு நடுவே, ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை அங்கே நிறுத்தப்படுகிறாள். அவள் உயிரோடு மண்ணில் புதைக்கப்பட்டவள். தன்னை எந்தக் குற்றத்துக்காகக் கொன்றார்கள் என்று அவளிடமே விசாரிக்கப்படுகிறது. புதைத்த தகப்பனை விட்டுவிட்டுக் குழந்தையிடம் கேட்பானேன்? அந்தப் பாதகன் ரப்பினால் பேசப்படுவதற்கே தகுதியற்றவனாகிவிட்டான் என்று தஃப்ஸீர் எழுதிய இமாம்கள் விளக்கம் தருகிறார்கள்.

இது அறியாமைக் கால அரபிகளின் கதைதானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா?

1986ஆம் ஆண்டு உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படும் கொடுமையை ‘இந்தியா டுடே’ இதழ் வெளிக்கொணர்ந்தது. 1992ல் சேலம் மாவட்டத்தில் அரசே தொட்டில் கட்டி, வேண்டாத பெண் குழந்தையை எங்களிடம் போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவேண்டிய நிலை வந்தது. பிறகு ஸ்கேன் கருவி வந்தது. பிறந்த பின் கொன்ற கைகள், பிறக்கும் முன்னரே கொல்லக் கற்றுக்கொண்டன. 1994ல் இதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். ஆயினும் என்ன? 2018 டிசம்பரில் நம் திருவண்ணாமலை நகரிலேயே, மருத்துவப் படிப்பில்லாத ஒரு பெண், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லிக் கருக்கலைப்பும் செய்துவந்ததாகக் கைதானார்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் என்றால், பெண் குழந்தைகள் 930. தமிழகம் முழுவதற்கும் அந்தக் கணக்கு 943. இயற்கையிலேயே ஆண் பிறப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் இந்தக் குறைவு இயற்கை மட்டும் செய்ததன்று.

கார்த்திகை தீபத்தன்று, ஆண் பாதி பெண் பாதியான திருவுருவத்தைக் காண லட்சக்கணக்கான இந்துச் சகோதரர்கள் இவ்வூருக்கு வருகிறார்கள். பெண்ணுக்குப் பாதி உடலையே கொடுத்த வரலாற்றை அவர்கள் இந்த மலையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அவரவர் மார்க்கம் அவரவருக்கு. ஆனால் எந்த மார்க்கத்தின் மேடையிலும் தாழ்த்திப் பேசப்படாத பெண், வீட்டுக்குள் மட்டும் பாரமாகிப்போனது எதனால்?

காரணம் ஊரறிந்த ரகசியம். மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துக் கூலி வாங்கும் ஒரு தாயைக் கேளுங்கள். ஆரணியில் தறி நெய்பவரைக் கேளுங்கள். எங்கள் குழந்தையை நாங்கள் வெறுக்கவில்லை, அவளைக் கட்டிக்கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பெண் பிறந்த அன்றே நகையின் கணக்கு தொடங்கிவிடுகிறது. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்துவதும், விவரம் தெரியுமுன் அவசரமாக ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதும், அவளுக்கொரு தங்கை உருவானால் ஸ்கேன் அறைக்கு ஓடுவதும் அந்தக் கணக்கின் பலன்களே.

“நம்மிடம் அது இல்லை”

“ஹஜ்ரத், கருவைக் கொல்லும் பாவம் நம் சமுதாயத்தில் இல்லையே” என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். இல்லாதிருந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பாவத்தின் வேர் நம் வீட்டில் இருக்கிறதே! அதற்குக் கைக்கூலி என்று பெயர்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலைப் பாருங்கள். ஏதோ ஓர் ஊர் ஜமாஅத்தின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குமர் காரியம் என்று துண்டை விரித்து ஒரு தகப்பன் நிற்கிறார். நாம் ஐந்தோ பத்தோ போட்டுவிட்டு, நன்மை செய்ததாக எண்ணிச் செல்கிறோம். அவர் திரட்டிய பணம் யார் கைக்குப் போகிறது? நம்மைப்போல் ஐவேளை தொழுகிற ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு! ஒரு முஸ்லிமைப் பிச்சையெடுக்க வைத்து, அந்தப் பிச்சையை இன்னொரு முஸ்லிம் வாங்கி வலீமா விருந்து போடுகிறான். இது எந்த தீனில் ஹலால்?

நிக்காஹ் தஃப்தரைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் அதில் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். அதைவிடப் பன்மடங்கு பெரிய தொகையொன்று முதல் நாள் இரவே கைமாறியிருக்கும். அது எந்த ஏட்டிலும் வராது. நேர்மையான பணமென்றால் எழுத ஏன் கூச்சம்? மஹர் என்பது மணமகளுக்கு மனமுவந்து கொடுக்கவேண்டிய கடமை என்று சூரத்துந் நிஸா கட்டளையிடுகிறது. கொடுக்கவேண்டியவன் வாங்கினால், மார்க்கத்தையே தலைகீழாக்கினான் என்றுதானே பொருள்? நாட்டின் சட்டத்துக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. வரதட்சணை வாங்குவது, கொடுப்பது இரண்டையும் குற்றமாக்கியிருக்கிறது.

“நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்” என்பார்கள் சம்பந்தி வீட்டார். இது கேட்காமல் கேட்பது. எதிர்வீட்டு மருமகள் எத்தனை பவுனோடு வந்தாள் என்பதையும் கூடவே காதில் போட்டுவிடுவார்கள். வேறு சிலர், ரஸூலுல்லாஹ்வே (ஸல்) தம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குச் சீர் கொடுக்கவில்லையா என்பார்கள். அந்தத் திருமணத்திற்கு அலீ (ரலி) அவர்கள் மஹராகக் கொடுத்தது தம் போர்க்கவசம். அதை விற்ற பணத்திலிருந்தே வீட்டுச் சாமான்கள் வாங்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒரு போர்வை, ஒரு தோல் துருத்தி, புல் அடைத்த ஒரு தலையணை! இதைக் காட்டியா மோட்டார் சைக்கிள் கேட்பது?

பங்கைக் கொடுத்துவிடுங்கள்

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். கல்யாணத்தின்போது நகை போட்டோமே, இனி அவளுக்கென்ன பங்கு என்று சொல்லிச் சகோதரியின் சொத்துரிமையை விழுங்குகிறவர்கள் நம்மில் உண்டு.

உஹதுப் போரில் ஸஃது இப்னு ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுடைய மனைவி இரு பெண்மக்களை அழைத்துக்கொண்டு நாயகத்திடம் (ஸல்) வந்து, பிள்ளைகளின் சிற்றப்பா சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், கையில் பொருளில்லாத இவர்களை யார் மணப்பார் என்று முறையிட்டார்கள். இன்று நம் கிராமத்து விதவை அழுகிற அதே அழுகை! பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிற்றப்பாவை அழைத்து, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு பாகமும் மனைவிக்கு எட்டில் ஒரு பாகமும் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சொத்து 24 சென்ட் என்று வையுங்கள்: மக்களுக்கு 16, தாய்க்கு 3, எல்லாவற்றையும் அள்ளிய ஆணுக்கு 5!

நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பழம்பேச்சும் செல்லாது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது உண்மை. 1949ல் சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து அதையும் சேர்த்துவிட்டது. அல்லாஹ் விதித்த பங்கு அன்பளிப்பன்று, அது கடன். மணநாளில் போட்ட நகையைச் சொல்லி அந்தக் கடனைக் கழித்துவிட முடியாது.

சகோதரர்களே! இன்றே சில முடிவுகள் செய்வோம். மகனைப் பெற்ற தாய்மார்களே, மருமகளின் கழுத்தைப் பார்க்காதீர்கள். ஒருகாலத்தில் உங்கள் தகப்பனார் பட்ட பாட்டை நினையுங்கள். வாலிபர்களே, பெற்றோர் வாங்கினார்கள், நானென்ன செய்ய என்று ஒதுங்காதீர்கள். நிக்காஹ் உங்களுடையது, கியாமத்தில் பதிலும் உங்களுடையதே. முத்தவல்லிமார்களே, கைக்கூலித் திருமணத்துக்குத் தஃப்தர் தருவதில்லையென்று தமிழகத்தில் சில ஜமாஅத்துகள் முடிவெடுத்திருக்கின்றன. அதை நம் ஜமாஅத்தும் செய்யட்டும். கைக்கூலி கைமாறிய மஜ்லிஸில் குத்பா ஓத எங்களைப் போன்ற ஆலிம்களும் மறுக்கவேண்டும். மறுத்தால் ஒரு வேளை பிரியாணி போகும், அவ்வளவுதான்!

இரண்டு பெண்மக்களைப் பருவமடையும்வரை பேணி வளர்த்தவர், மறுமையில் தம்மோடு இரு விரல்கள் சேர்ந்திருப்பதுபோல் நெருங்கியிருப்பார் என்று விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இடம் வாங்கித் தருகிறவளையா பாரம் என்கிறோம்?

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அந்தச் சிறுமி வாய் திறந்து பதில் சொல்லும் நாளில், அவள் சுட்டிக்காட்டும் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதே! ஆமீன். வஸ்ஸலாம்.