அளத்தலும் அறிமுகமும்

மத்ரஸாவில் ஸர்ஃபு பாடம் ஓதும் சிறுவர்களுக்கு, ஒரே சொல் பலவாகக் கிளைக்கும் வகையைக் கற்பிக்கும்போது, 'ளரப' என்றால் அடித்தான், 'தளாரப' என்று வந்தால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளுதல் என்று சொல்வோம். அடிதடி என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். அடுத்து 'அரஃப' என்னும் சொல்லுக்கு வருவோம். அறிந்தான் என்பது அதன் பொருள். அதையே 'தஆரஃப' என்று மாற்றினால், அறிபவன் ஒருவன், அறியப்படுபவன் வேறொருவன் என்னும் பிரிவு மறைந்து, இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல் என்றாகும். மாந்தர் பல கூட்டத்தாராகவும் குலத்தாராகவும் ஆக்கப்பட்டதன் நோக்கத்தை ஹுஜுராத் அத்தியாயம் சொல்லுமிடத்தில் இந்த இரண்டாம் வடிவமே வந்துள்ளது. பல்லாண்டுகளாக வெறும் இலக்கணமாக நாம் ஓதிக்கொடுத்த இவ்வேறுபாடு, பழைய நூலொன்றைப் புரட்டிய நாளில்தான் நெஞ்சில் தைத்தது.

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்கினால் கொல்லிமலை சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். அம்மலையிலும் சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றிலும் வாழும் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ் பேசும் மலைமக்கள் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் பிரிந்து மலைகளில் குடியேறினர் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

நாம் புரட்டிய நூல், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளாகும். தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். அவருடைய உழைப்பில் குறை காண இயலாது. மலையாளிகளைப் பற்றி அதில் உண்டு. லெப்பை, மரைக்காயர் என்று நம்மவரைப் பற்றியும் உண்டு. நம் பாட்டனாரின் காலத்து வழக்கம் எதையேனும் அதில் காணும்போது மகிழ்ச்சியும் பிறக்கின்றது. ஆயினும், அவர் கையில் ஓர் அளவுகருவி இருந்தது. தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் எல்லாம் அளந்தார். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் வருவது மூக்கு விகிதம். எழுபதுக்குக் கீழ் என்றால் கூர்மூக்கு. எண்பத்தைந்துக்கு மேல் என்றால் அகன்ற மூக்கு. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பை முன்னின்று நடத்திய ரிஸ்லி என்பவரோ, மூக்கு அகல அகலக் குலம் தாழும் என்றே விதி வகுத்துவிட்டார்!

வயநாட்டில் பணியப் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டு அஞ்சினராம். தங்களுள் நல்ல உருவமுடையவரைத் தேர்ந்து, பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்பது அவர்கள் எண்ணம். இதை அவரே வேடிக்கையாக எழுதிவைத்துள்ளார். நமக்கு நகைப்பு வரவில்லை. தம்மை அந்தக் கண்கள் எவ்வாறு பார்க்கின்றன என்பதை அப்பெண்கள் சரியாகவே அறிந்திருந்தனர். அவர்களைப் பற்றி அவர் அறிந்ததைவிட, அவரைப் பற்றி அவர்கள் அறிந்தது குறைவன்று.

இது ஏட்டோடு நின்ற செய்தியுமன்று. தர்ஸ்டன் காவல் துறையினருக்கு உடலளவு பற்றி வகுப்பு நடத்தினார். பிறப்பினாலேயே ஒரு குலத்தாரைக் குற்றவாளிகள் எனப் பதிவு செய்யும் 1871ஆம் ஆண்டுச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952இல்தான்.

இதனைக் கொண்டு விஞ்ஞானத்தையே தூற்றுவோர் நம்மில் உளர். அது முறையன்று. மூக்களவின் பொய்யை உடைத்ததும் விஞ்ஞானமே. மனிதருக்குள் காணப்படும் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு, ஒரே கூட்டத்தாருக்குள்ளேயே அமைந்துள்ளது என்று 1972இல் லெவொண்டின் என்னும் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். பெண் பார்க்கப் போகுமிடத்தில் நிறத்தையும் மூக்கையும் நோட்டமிடும் நம் வீட்டாருக்குத்தான் இச்செய்தி இன்னும் எட்டவில்லை. தர்ஸ்டனிடம் கருவியாவது இருந்தது.

அளவையும் அறிமுகத்தையும் ஒன்றாகக் கொண்டிருந்த ஒருவரை நாம் மறக்கலாகாது. கி.பி. 973இல் குவாரிஸம் நாட்டில் பிறந்த அல்பீரூனி, நந்தனா கோட்டையருகே மலையொன்றின் உயரத்தைக் கண்டு, அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழும் கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். மண்ணை அளக்கக் கருவி எடுத்த அவர், மக்களை அறிய வேண்டியபோது கருவியை எடுக்கவில்லை, சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் மாணவராக அமர்ந்தார். 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், இந்நாட்டார் கூற்றை அவர்கள் கூறியவாறே தருவதாகவும், மறுப்புரைப்பது தம் நோக்கமன்று என்றும் முன்னுரையிலேயே அறிவித்தார். அவர் வந்தது கஜ்னி மஹ்மூதின் வாளுக்குப் பின்னால்தான், அதை மறைப்பதற்கில்லை. அந்தப் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைப் பாழாக்கின என்று எழுதவும் அவர் தயங்கவில்லை.

இனி நம் மலைக்கே திரும்புவோம். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று விளைந்த கொல்லிமலைக் காடுகளில் மரவள்ளி பெருகியது, கீழே சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொண்டதனால். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் கணக்கிடும் புத்தகத்தில், சாமை தோற்றே தீரும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் அங்கே பணி தொடங்கினர். மலைமக்கள் சிறுதானியத்தைக் கைவிட்டதற்கு விலை மட்டும் காரணமன்று. சாமையின் உமியை நீக்க உரலில் இடிக்க வேண்டும், இடிப்பவள் பெண். அவள் தோள்வலி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறியதில்லை. அவளிடம் கேட்டால்தான் தெரியும். ஊர்களுக்குச் சிறு அரைவை இயந்திரங்கள் வந்தது அதன் பின்னரே. நெடுங்காலம் அரசு ஏடுகளில் 'முரட்டுத் தானியம்' என்ற பொருளில் வழங்கிய பெயரும், 2018இல் 'ஊட்டச்சத்துத் தானியம்' என்று மாறியது. தானியம் மாறவில்லை. முரடு என்று சொன்ன காலத்தில் அதை உண்டவரையும் முரடர் என்றே கீழ்நாட்டார் நினைத்தோம்.

நாம் என்று சொல்லும்போது எம்மையும் சேர்த்தே சொல்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், ரமளானுக்குப் பத்து நாள் இருக்கையில், மலையிலிருந்து இறங்கிய மூதாட்டி ஒருவர் கடைத்தெரு ஓரத்தில் இரண்டு கூடைத் தானியத்தோடு அமர்ந்திருந்தார். எது சாமை, எது பனிவரகு என்று எமக்குப் புலப்படவில்லை. கேட்டோம்.

"என்ன பாய், இத்தனை வயசாச்சு, இதுகூடத் தெரியலையா?" என்று சிரித்துவிட்டு, இரண்டிலும் ஒரு பிடி எடுத்து எம் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிறகு அவர் கேட்டார்: "நோன்புக்குக் கஞ்சி காய்ச்சுறீங்களே, அதுல என்னென்ன போடுவீங்க?"

பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். ஊரில் இத்தனை காலம் வாழ்ந்தும், மலையார் ஒருவர் எம்மிடம் இதைக் கேட்டது அன்றுதான் முதன்முறை. கேட்கும்படி நாம் எங்கே நின்றோம்?

"அரிசிக்குப் பதிலா சாமை போட்டுப் பாருங்க. சீக்கிரம் குழைஞ்சிடும், கிண்டிக்கிட்டே இருக்கணும்" என்றார். ஒரு படி கேட்டோம். தலை தட்டி அளந்து பையில் கொட்டியவர், அதன்மேல் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்.