கண்ணுக்குப் புலனாகாத தீர்ப்பாளன்

எழுத்தாளனுக்கு வாசகன்மீது உரிமையுண்டா என்னும் வினாவுக்கு, இல்லை என்றே விடையிறுத்தல் வேண்டும். தன் ஆக்கத்தை வாசிக்குமாறு பிறரைக் கட்டாயப்படுத்த எவராலும் இயலாது. ஆயின், இணைய வெளியீட்டுத் தளங்களில் எவ்வாக்கம் எவர் கண்ணிற்படும் என்பதை அல்கோரிதம் எனப்படும் கணிப்பு விதிகளே பெரிதும் நிர்ணயிக்கும் இன்றைய நிலையில், மற்றொரு வினா எழுகின்றது: தான் ஒதுக்கப்பட்டதன் காரணத்தை அறியும் உரிமையேனும் எழுத்தாளனுக்கு உண்டா?

விநியோக முறை இலக்கிய வடிவைப் பாதிப்பது புதிதன்று. 1842இல் இலண்டனில் தொடங்கிய மியூடியின் இரவல் நூலகத்தில், ஆண்டுக்கு ஒரு கினி சந்தா செலுத்தியவர் ஒரு வேளையில் ஒரு பாகத்தையே பெறலாம். எனவே மூன்று பாக நாவல் நூலகத்துக்கு ஆதாயமாயிற்று. ஆசிரியரும் கதையை மூன்று பாகங்களுக்கு நீட்டினர். 1894இல் நூலகங்கள் அதற்கு எதிராகத் திரும்பியதும் அவ்வடிவம் விரைவில் மறைந்தது.

இதே இயல்பை நம் காலத்திலும் காணலாம். அமேசன் நிறுவனம் 2014இல் தொடங்கிய கிண்டில் அன்லிமிட்டெட் திட்டத்தில், சந்தாதாரர் ஒரு நூலின் பத்தில் ஒரு பங்கைக் கடந்ததும், சுயமாக நூல் வெளியிடும் ஆசிரியருக்குக் கொடுப்பனவு கிடைத்தது; நூலின் நீளம் கருதப்படவில்லை. அதனாற் சிறு நூல்கள் இலாபமளித்தன. 2015 யூலையில், வாசிக்கப்பட்ட பக்கங்களுக்கேற்பவே கொடுப்பனவு என விதி மாறியதும் நீண்ட நூல்கள் ஆதாயம் பெற்றன. எழுத்தின் தரம் இவ்விரு விதிகளிலும் இடம்பெறவில்லை.

எனினும் ஒரு வேறுபாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மியூடி தன் நாவலைப் புறக்கணித்தபோது ஜோர்ஜ் மூர் 1885இல் அவரைப் பெயர்சுட்டிச் சாடிப் பிரசுரம் வெளியிட்டார். நம் மரபின் அரங்கேற்றத்திலும் அவையோர் தடை கூறினர்; புலவன் விடை கூறினான். தீர்ப்பாளருக்கு முகமிருந்தமையால் வாதம் சாத்தியமாயிற்று. கொடுப்பனவு விதியையேனும் இன்றைய எழுத்தாளன் அறிவான். தன் நூல் பட்டியலின் அடியிற் கிடப்பதேன் என்பதை அறியான். அறியாமையால் தன்னையே ஐயுறுகின்றான். அல்லது அல்கோரிதம் விரும்புவதாகத் தான் கருதுவதை எழுதத் தலைப்படுகின்றான். இவ்விரண்டாவதே பேரிழப்பு எனலாம்.

விதிகளை வெளியிட்டால் தந்திரக்காரரே பயனடைவர் எனத் தள உரிமையாளர் வாதிப்பர். இவ்வாதம் வலுவற்றதன்று, பக்கக் கணக்கு வந்தபின் நூல்களிற் பழைய ஆக்கங்களைத் திணித்துப் பக்கம் பெருக்கியோர் உளர். ஆயினும் விதி முழுவதையும் வெளியிடுவது வேறு. முதன்மையான அளவுகோல்களைக் கூறுவது வேறு. 2020 யூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, தரவரிசையைத் தீர்மானிக்கும் பிரதான அளவுகோல்களை வெளிப்படுத்துமாறு தளங்களைப் பணித்தது. எனவே இக்கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாததென்று தள்ளிவிடற்பாலதன்று.

புகழைக் கோரும் உரிமை எழுத்தாளனுக்கு இல்லை; காரணத்தைக் கோரும் உரிமை உண்டு. காரணம் அறிந்தவனே, விதிக்கு இணங்குவதா, அதனை மறுத்துச் சிலருக்காகவேனும் எழுதுவதா எனத் தானே தெரிவு செய்யவியலும். அத்தெரிவு இல்லாதவிடத்து எழுத்தாளனின் பொறுப்புப் பற்றிப் பேசுவதும் பொருளற்றதாகும்.