போட்டுப் பார்த்தல், குடித்துப் பார்த்தல்

தமிழ்ச் சிறுபத்திரிகை வட்டத்தில் சந்தோஷம் சற்றுச் சந்தேகத்துக்குரிய சரக்கு. வெறுமை, அந்நியமாதல், இருப்பின் பாரம் என்று எழுதுகிறவனுக்கு இங்கே உடனே இடம் கிடைக்கும். ஒரு மெல்லிய சட்டையைப் போட்டுக்கொண்டபோது உடம்புக்கு இதமாக இருந்தது, சனிக்கிழமை சாயங்காலம் குடித்த காக்டெயில் நன்றாக இருந்தது என்று எழுதினால், அவனை வாரப் பத்திரிகைகளின் பக்கம் கைகாட்டிவிடுவோம். இது ரசனை பற்றிய விஷயம் மட்டுமல்ல, ஒழுக்கத் தீர்ப்பும்கூட. துயரம் ஆழமானது, இன்பம் மேலோட்டமானது என்பதை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. நிரூபிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. எக்ஸிஸ்டென்ஷியலிஸம் நம்மை வந்தடைந்த விதத்திலேயே இந்தத் தணிக்கை நடந்துவிட்டது. குமட்டல் வந்து சேர்ந்தது. கோப்பை வழியில் எங்கோ நின்றுவிட்டது.

இத்தனைக்கும் விஷயம் ஆரம்பிப்பதே ஒரு கோப்பையிலிருந்துதான். 1932–33 வாக்கில் பாரிஸில், மோன்பர்னாஸ் தெருவில், பெக் த காஸ் என்ற மதுக்கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: சார்த்தர், சிமோன் த பொவ்வார், பெர்லினில் ஹுஸ்ஸெர்லைப் படித்துக்கொண்டிருந்த ரேமோன் ஆரோன். அந்த இடத்தின் விசேஷம் ஆப்ரிகாட் காக்டெயில். அதைத்தான் வரவழைத்திருக்கிறார்கள். ஆரோன் கோப்பையைச் சுட்டிக்காட்டுகிறார்: பினாமினாலஜியைக் கைக்கொண்டால் இந்தக் காக்டெயிலைப் பற்றிப் பேசலாம், பேசுவது தத்துவமாகவும் இருக்கும் என்கிறார். சார்த்தருக்கு உணர்ச்சிவேகத்தில் முகம் வெளிறிப்போகிறது. பிறகு பூல்வார் சேன்-மிஷேலில், ஹுஸ்ஸெர்லைப் பற்றி லெவினாஸ் 1930இல் வெளியிட்ட நூலை வாங்கி, ஒட்டியிருக்கும் பக்கங்களை வெட்டிப் பிரிக்கக்கூடப் பொறுமையில்லாமல், நடந்துகொண்டே புரட்டுகிறார். 1933இல் அவரே பெர்லின் போகிறார். 1938இல் ‘குமட்டல்’ வெளிவருகிறது.

இது பொவ்வார் 1960இல் வெளியிட்ட தன்வரலாற்றின் இரண்டாம் பகுதியில் சொல்வது. இன்னொரு நினைவுகூரலில் அந்தப் பானம் வெறும் பீர் என்று வருகிறது. தத்துவத்துக்கு எதுவானால் என்ன என்று கேட்கலாம். பீரானாலும் ஹுஸ்ஸெர்ல் ஹுஸ்ஸெர்ல்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உதாரணத்துக்காகக் கோப்பையைப் பார்த்தவனுக்குப் பானம் எதுவாகவும் இருக்கலாம். முப்பது வருஷம் கழித்தும் அது ஆப்ரிகாட் என்றும், அந்தக் கடையின் விசேஷம் என்றும் எழுதத் தெரிந்தவளுக்கு அது உதாரணம் அல்ல. அவள் அதைக் குடித்திருக்கிறாள்.

அதே புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில், காக்டெயிலுக்கு வெகு முன்னால், துணி வருகிறது. 1929 செப்டம்பர். பொவ்வாருக்கு இருபத்தொரு வயது. தேர்வு முடிந்துவிட்டது, பெற்றோர் வீட்டை விட்டு, பாட்டி வாடகைக்கு விடும் அறை ஒன்றில் குடியேறுகிறாள். பருத்தியும் கம்பளியுமாகவே அம்மா உடுத்தி வளர்த்த பெண், முதல் காரியமாகப் பட்டுப்போன்ற துணிகளைத் தேடி, கிரேப் த ஷீன் வாங்கிக்கொள்கிறாள். தத்துவத்தில் தேர்ச்சி பெற்றவளின் சுதந்திரப் பிரகடனம் இவ்வளவுதானா என்று சிரிக்கத் தோன்றும். அவளுக்கும் தன் தேர்வுகளில் சிலவற்றைப் பற்றிச் சிரிப்பு உண்டு. ஆனால் துணியை மறைக்கவில்லை.

கிரேப் த ஷீன் துணியின் ரகசியம் ஊடுநூலில் இருக்கிறது. மிகையாக முறுக்கிய நூல்களை, ஒன்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமுமாக முறுக்கு மாற்றி மாற்றி நெய்கிறார்கள். நெய்த பின் முறுக்குகள் எதிரெதிராக இழுக்க, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சொரசொரப்பு நிற்கிறது. அதனால் அது வழவழவென்று தோலில் ஒட்டிக்கொள்வதில்லை; விழுகிறது. நம் ஊரில் பிளவுஸ் என்றால் அளவு கொடுத்து உடம்போடு ஒட்டித் தைப்பது என்று அர்த்தமாகிவிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஐரோப்பியக் கோடைப் பிளவுஸ் இதற்கு நேர் எதிர். தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கி, உடம்புக்கும் தனக்கும் இடையில் கொஞ்சம் காற்றை வைத்திருப்பது. இடுப்பை இறுக்கும் கச்சையிலிருந்து ஐரோப்பியப் பெண் வெளிவந்து அப்போது அதிக காலம் ஆகிவிடவில்லை. அந்தக் காற்றுக்கு அன்று ஒரு சரித்திரம் இருந்தது.

‘குமட்டல்’ நாவலிலும் இந்த இரண்டும் வருகின்றன: ஒரு கோப்பையும் ஓர் உடையும். ரொக்கந்தேன் பீர்க் கோப்பையை நேராகப் பார்க்க முடியாமல் தவிக்கிறான். மதுக்கூடத்தில் ஒருவனுடைய நீலச் சட்டைமேல் கிடக்கும் ஊதா நிறத் தோள்வார், ஊதாவாகவும் இராமல் நீலத்தில் மறையவும் செய்யாமல், அவனைத் தொந்தரவு செய்கிறது. அபாரமான இடங்கள். ஆனால் கவனியுங்கள், அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். சட்டை இன்னொருவனுடையது, கோப்பை தூரத்தில் இருக்கிறது. பொருள்கள் அவன்மேல் பாய்வது இந்தத் தூரத்தினால்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

தமிழில் ‘பார்’ என்ற துணைவினை இருக்கிறது. போட்டுப் பார், குடித்துப் பார், தொட்டுப் பார். ஆங்கிலத்தின் ‘ட்ரை’யில் முயற்சி இருக்கிறது, நீதிமன்ற விசாரணையும் இருக்கிறது, பார்வை இல்லை. நாம் நாக்காலும் தோளாலும் பார்க்கிறவர்கள். நம் மொழியில் போட்டுக்கொண்ட பிறகுதான் பார்க்க முடியும். கண்ணாடி அதற்கப்புறம் வருவது.

கண்ணாடி வந்தவுடன் சிக்கலும் வந்துவிடுகிறது. இதைப் பொவ்வாரைவிடக் கடுமையாகச் சொன்னவர் இல்லை. 1949இல் வந்த ‘இரண்டாம் பால்’ நூலில் பெண்ணின் அலங்காரத்தை அவர் பிரித்துப்போடுகிறார்: உடுத்துகிறவள் தன்னை ஒரு பொருளாக்கிக் காட்சிக்கு வைக்கிறாள், உடை அவளுடைய அந்தஸ்தின் விளம்பரமாகவும் அவளுடைய விலங்காகவும் ஆகிறது. சரியான விமர்சனம். ஆனால் பாட்டி வீட்டு அறையில் கிரேப் த ஷீன் வாங்கி வைத்திருந்தவள்தான் இதை எழுதினாள் என்பதை மறக்க வேண்டாம். முரண்பாடு என்று சிலர் சுட்டக்கூடும். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. துணி தோளில் விழும் கணமும், அது பிறர் கண்ணில் எப்படி விழும் என்று கணக்கிடும் கணமும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையே சில விநாடிகள்தான் இருக்கும். பெண்ணுக்கு அந்தச் சில விநாடிகளும் விட்டுவைக்கப்படவில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் குற்றச்சாட்டு. அந்த விநாடிகள் அற்பமானவை என்பது அல்ல.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இன்பத்தின் விலை ஒன்றல்ல. ஏறக்குறைய இருபது வயதில், பெல்வில் பகுதியில் உழைக்கும் பெண்களுக்குப் பாடம் சொல்லித்தரப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, மோன்பர்னாஸ் மதுக்கூடங்களில் மாலையைக் கழித்ததைப் பொவ்வாரே எழுதியிருக்கிறார். சேவை சாக்காகவும் கோப்பை உண்மையாகவும் இருந்த மாலைகள். ஆணுக்கு இந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது. இன்னொன்று, வங்கி மேஜையில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் என் கண்ணில் படுவது: பிரான்ஸில் மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்த பணத்தில், யாரையும் கேட்காமல் வாங்கிய ஒரு கஜம் பட்டு என்பதற்கு 1929இல் என்ன பொருள் என்பதை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

(நம்மவர்கள் குடிக்காமல் இல்லை. ஆனால் நம் எழுத்தில் குடி ஒன்று வீரம், அல்லது வீழ்ச்சி. பானத்தின் ருசியைச் சொன்ன பக்கங்கள் அதிகம் கண்ணில் படவில்லை.)

இவ்வளவும் சொன்ன பிறகும், எதிர்த்தரப்பில் நிற்பது நம் வட்டத்துச் சோகப் பாவனை அல்ல. அதைவிடப் பல மடங்கு பெரிய ஆள். இன்னொரு சிமோன். ஸோர்போன் முற்றத்தில் ஸிமோன் வெய்ல் பொவ்வாரிடம், உலகத்து எல்லோருக்கும் சோறு போடும் புரட்சி ஒன்றே இன்று முக்கியம் என்கிறாள். மனிதர்களைச் சந்தோஷப்படுத்துவதல்ல, அவர்கள் இருப்புக்கு அர்த்தம் தேடுவதே பிரச்சினை என்கிறாள் பொவ்வார். வெய்ல் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ பட்டினி கிடந்ததில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறாள். உறவு அத்தோடு முடிந்தது. அந்த ‘மேலும் கீழும்’ பார்வையில் உடையும் சேர்ந்துதான் அளக்கப்பட்டிருக்கும். சீனாவில் பஞ்சம் என்ற செய்தி கேட்டு வெய்ல் அழுதாள் என்று கேள்விப்பட்டு, அவள் அறிவைவிட அந்த அழுகையை மதித்ததாகப் பொவ்வார் எழுதுகிறார். ஒருத்திக்குச் சீனா துணியின் பெயரில் வந்தது. மற்றவளுக்குப் பசியாக வந்தது.

வெய்லைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்குச் சர்க்கரை கிடைக்கவில்லை என்று சர்க்கரையை ஒதுக்கிய குழந்தை. ஆசிரியை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1934–35இல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவள். ரெனோவில் இயந்திரத்தில் நின்றவள். ஒரு நாள் பஸ்ஸில் ஏறியபோது, அடிமையான நான் எப்படி எல்லோரையும் போலக் காசு கொடுத்து இதில் ஏற முடிகிறது என்று அவளுக்கு ஆச்சரியம் வருகிறது. 1943 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஆஷ்ஃபர்டில், காசநோயோடு, பிரான்ஸில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிற பங்குக்கு மேல் உண்ண மறுத்து இறந்தாள். வயது முப்பத்து நான்கு. கிரேப் த ஷீனையும் ஆப்ரிகாட்டையும் இந்த மரணத்துக்கு எதிரில் வைத்தால் எந்தத் தராசும் ஒரே பக்கம்தான் சாயும்.

ஆனாலும் கேள்வி தராசில் தீர்வதில்லை. வெய்ல் மறுத்த ரொட்டியால் பிரான்ஸில் யாருடைய வயிறும் நிரம்பவில்லை. அவள் மறுப்பு சாட்சியம், கொடை அல்ல. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க எனக்கு உதவியவர், அன்று சார்த்தர் தெருவில் நடந்தபடி புரட்டிய புத்தகத்தின் ஆசிரியர். லெவினாஸ் 1940 முதல் 1945 வரை ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்தவர். லித்துவேனியாவில் இருந்த குடும்பத்தைக் கொலைகாரர்களிடம் இழந்தவர். வாழ்வின் இதங்களைப் பற்றி லேசாகப் பேச அவருக்கு முகாந்திரம் எதுவும் கிடையாது. அவர்தான் 1961இல் வந்த பெரிய நூலில், நாம் நல்ல சூப்பாலும் காற்றாலும் வெளிச்சத்தாலும் வாழ்கிறோம், அவற்றைக் கருவிகளாக அல்ல, அனுபவித்து வாழ்கிறோம் என்று வாதிட்டார். ஹைடெக்கர் காட்டும் மனிதனுக்குப் பசியே எடுப்பதில்லை என்று குத்தினார். 1974இல் இன்னும் ஒரு படி போனார்: கொடுப்பது என்பது, தான் ருசித்துக்கொண்டிருக்கும் ரொட்டியைத் தன் வாயிலிருந்தே பிடுங்கிக் கொடுப்பது. ருசி தெரியாதவன் கொடுப்பதில் பிடுங்கல் இல்லை. இன்பம் இங்கே அறத்துக்கு எதிரி அல்ல, பரிசும் அல்ல. அறம் வலிப்பதற்கு வேண்டிய சதை அது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சட்டை வாங்கப் போய்விடலாம் என்று எடுத்துக்கொண்டால் லெவினாஸைப் படிக்கவில்லை என்று பொருள். பிடுங்க வேண்டிய வேளை எது, வாரத்தில் எத்தனை தடவை, எவ்வளவு என்பதற்கு அவரிடம் அட்டவணை கிடையாது. கடையில் திரைக்குப் பின்னால் ஒருத்தி பிளவுஸைப் போட்டுப் பார்க்கும்போது திரைக்கு வெளியே அடுத்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி நிற்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். திரைக்கு உள்ளே இருப்பவளின் இதம் பொய்யாகிவிடாது. ஆனால் வெளியே நிற்பவளுக்குக் கால் வலிக்கும் என்பதை எதைக் கொண்டு உணர்வது? தன் உடம்பின் இதத்தை அறியாதவள் அதை ஒரு கொள்கையாக வேண்டுமானால் அறியலாம்.

வெய்லிடமும் இதற்குச் சாட்சியம் இருக்கிறது. அவளை எடுத்தாள்கிறவர்கள் அதிகம் தொடாத பக்கம். 1936 ஜூனில் பிரான்ஸ் முழுவதும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவள் தன் பழைய ரெனோவுக்குப் போய்வந்து, புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினாள். கோரிக்கைகளை விட்டுவிட்டாலும் இந்த வேலைநிறுத்தமே ஒரு சந்தோஷம் என்பது அதன் சாரம். இயந்திரச் சத்தம் இல்லாத கூடத்தில் சங்கீதம், சிரிப்பு, மேஸ்திரியின் முன்னால் தலை நிமிர்ந்து நடப்பது. சர்க்கரையை ஒதுக்கியவள் இந்த ருசியை ஒதுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கிடைத்தது என்பதாலோ என்னவோ.

அந்த மாதமே வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையும், வருஷத்துக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் சட்டமாயின. ஓய்வு மாலையும் அதில் குடிக்கும் கோப்பையும் தனி மனிதன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சின்னப் பரிசு என்று இன்று விளம்பரங்கள் சொல்கின்றன. பிரான்ஸில் அதைத் தொழிற்சாலைத் தரையில் உட்கார்ந்து வாங்கினார்கள். அந்தக் கோடையில் நாற்பது சதவீதம் குறைத்த ரயில் கட்டணத்தில் தொழிலாளர் குடும்பங்கள் கடலைப் பார்க்கப் போயின. அந்த வருஷத் தேர்தலில் சார்த்தர் வாக்களிக்கவில்லை. பொவ்வாருக்கு, பெண் என்பதால், வாக்கே இல்லை. இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். வெய்ல் ஆகஸ்டில் ஸ்பெயின் போரில் சேரப் போய், கிட்டப்பார்வை காரணமாக, சமையலுக்குக் கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியில் காலை வைத்து, கடும் தீப்புண்ணோடு திரும்பி வந்தாள்.