அறிந்த பின் எழுதிய சீட்டு

மனப்பதற்றத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, அவர் சொன்ன அளவில், சொன்ன வேளையில் ஒருவர் பல ஆண்டுகள் விழுங்கிவருகிறார். நிறுத்த முயலும்போதுதான் உடல் அதற்கு அடிமையாகிவிட்டது தெரிகிறது. நடுக்கம், தூக்கமின்மை, முன்பைவிடக் கடுமையான பதற்றம், சிலருக்கு வலிப்பு. சொல்பேச்சைத் தட்டாத ஒருவருக்கு நேர்ந்த இந்தக் கேட்டுக்கு யார் பொறுப்பு?

1980களின் இறுதியில் பிரிட்டனில் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. வேலியம், அட்டிவன் முதலிய பென்சோடயசிபின் மாத்திரைகளால் பாதிக்கப்பட்டதாகச் சுமார் 14,000 பேர் முன்வந்தனர். தயாரிப்பாளர்களான ரோச், வைத் நிறுவனங்கள் ஆபத்தை அறிந்தும் எச்சரிக்கவில்லை என்பது அவர்களுடைய முதன்மைக் குற்றச்சாட்டு. மருத்துவர்களையும் சேர்த்துத் தொடுத்த வழக்குகளை, கிடைக்கக்கூடிய பயனைவிடச் செலவு மிக அதிகம் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அரசின் சட்ட உதவி நிதியும் நின்றதும், எஞ்சிய வழக்கு முழு விசாரணையைக் காணாமலே முடிந்துபோனது. தவறு மெய்ப்பிக்கப்படவில்லை, தவறில்லை என்றும் தீர்ப்பாகவில்லை.

மருத்துவர் தரப்பு நியாயத்தை எளிதில் ஒதுக்கலாகாது. இம்மருந்துகள் 1960களில் வந்தபோது, அதுவரை புழங்கிய பார்பிட்யுரேட்டுகள் அளவு மீறினால் உயிரையே பறிப்பவையாக இருந்தன. அவற்றோடு ஒப்பிட, புதியவை பாதுகாப்பானவையாகத் தோன்றின. எதிரே ஒருவர் தூக்கமின்றித் தவிக்கையில், அன்றைய அறிவுக்கு எட்டிய ஆறுதலைத் தந்தவரைக் குற்றவாளி என்பது அறமாகாது.

ஆனால் அறியாமைக்கு ஓர் எல்லை உண்டு. இவ்வகை மாத்திரையான லிப்ரியத்தை அதிக அளவில் உண்டவர்கள் திடீரென நிறுத்தியபோது வலிப்புவரை போனதை, 1961இலேயே அமெரிக்க மருத்துவர் லியோ ஹாலிஸ்டரின் ஆய்வு பதிவுசெய்தது. 1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மட்டுமே இவற்றைத் தரலாம் என வரையறுத்தது. முதல் சீட்டை எழுதியவருக்குக் கிடைக்கும் மன்னிப்பு, அதற்குப் பிறகும் நோயாளியைப் பார்க்காமலே மறுசீட்டில் கையெழுத்திட்டு வந்தவருக்குக் கிடைக்காது. ஒவ்வொரு மறுசீட்டும் புதிதாக எடுக்கும் ஒரு முடிவு. பழைய முடிவின் நிழலில் அது ஒளிந்துகொள்ள முடியாது.

வழக்கு பயந்த மருத்துவரை உருவாக்கும் என்பது மற்றோர் ஆட்சேபம். அதிலும் உண்மை உண்டு. பயத்தில் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்துபவர், தொடர்ந்து எழுதியவரைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கக்கூடும். நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளிலிருந்து விடுபட உதவும் விலகல் சிகிச்சை மையம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், நோயாளிக்கு இயன்ற வேகத்தில், மாதக்கணக்கில், அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே வழி என்று காட்டினார். ஆகவே மருந்தை எழுதியவரின் கடமை அதை நிறுத்துவதோடு முடிவதில்லை. நோயாளி மீளும்வரை உடன் நிற்பதும் அதில் அடங்கும்.

சட்டத்தின் அளவுகோல் இங்கே தடுமாறுகிறது. உடற்கேடு வழக்குகளுக்கு இங்கிலாந்துச் சட்டம் பொதுவாகத் தரும் கெடு, பாதிப்பை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டு. நினைவையும் கவனத்தையும் மங்கச்செய்யும் மருந்தை உண்டவரிடம், அதன் கேட்டை உரிய நேரத்தில் உணர்ந்து, ஆவணம் திரட்டி வா என்கிறது சட்டம். இப்போதைய பதற்றம் பழைய நோயா, மருந்தின் விளைவா என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலையில்தான். நிறுவனம், மருத்துவர், கண்காணிக்க வேண்டிய அரசு என மூவரும் ஒருவரை ஒருவர் சுட்டும்போது, பொறுப்பு மூன்றாகப் பிரியாமல் காற்றில் கரைகிறது.

செலவைக் கணக்கிட்டு ஒரு வழக்கை நிறுத்தலாம். கடமையை நிறுத்த முடியாது. 2018 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் இங்கிலாந்தில் மட்டும் 14 லட்சம் பேருக்கு பென்சோடயசிபின் எழுதப்பட்டதாக அரசின் சுகாதார ஆய்வு சொல்கிறது. எனவே இது முடிந்த கதையல்ல. குற்றவாளி யார் என்ற விடைக்குக் காத்திராமல், பாதிக்கப்பட்டோருக்கு விலகல் சிகிச்சையும் இழப்பீடும் தரும் பொது நிதியை அரசும் லாபம் பார்த்த நிறுவனங்களும் சேர்ந்து ஏற்பதே நேர்மை. அறிந்த பின்னும் எழுதியவர் மீது தனி விசாரணை தொடரட்டும். அது முடியும்வரை நோயாளியைக் காக்கவைப்பது அவருக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.