கணவாயும் பொய்யாமையும்

கணவாயும் பேய்க்கணவாயும் இமைப்பொழுதில் நிறம் மாறும் இயல்பின. பாறையைச் சார்ந்த பேய்க்கணவாய் அதன் நிறம் பூணுதலை அரிஸ்டாட்டிலே குறித்துள்ளார். இஃது எவ்வாறு நிகழ்கின்றது? தோலில் மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறமிகள் நிறைந்த நுண்பைகள் எண்ணிறந்தன உள. ஒவ்வொரு பையைச் சுற்றியும் ஆரக்கால்கள் போலத் தசைகள் அமைந்துள்ளன. மூளையின் ஏவல் நரம்பு வழியே வந்ததும் அவை இழுக்க, பை விரிந்து நிறம் தோன்றும். தளர, நிறம் ஒடுங்கும். அடியிலுள்ள வேறு உயிரணுக்கள் ஒளியைத் திருப்பி நீலமும் பச்சையும் வெண்மையும் காட்டும். வியப்பு யாதெனில், இவற்றுட் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒளியுணர் நிறமி ஒருவகையே உண்டு. தான் பிரித்தறியா நிறத்தைப் பிறர் கண்ணுக்காகப் பூணுகின்றது இவ்வுயிர்!

இதன் முன்னோர்க்குப் புறத்தே ஓடு இருந்தது. ஓடிழந்த மெல்லுடலுக்கு நிறமே காப்பாயிற்று. இதனை யாரும் குறைகூறார். ஆயின் தென் ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவில் பெருங்கணவாய்கள் கூடும் பருவத்தில், சிறிய ஆண் தன் கரங்களை மடக்கிப் பெண்ணின் நிறக்கோலம் கொண்டு, காவல் நிற்கும் பெரிய ஆணைக் கடந்து பெண்ணை அடைகின்றது. 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதனை விளக்கிற்று. இது பொய்யா?

தேரவாத உரையாசிரியர் பொய்க்கு நான்கு உறுப்புகள் வகுத்தனர்: மெய்யல்லாத பொருள், ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, பிறர் அதனை உணர்ந்துகொள்ளல். முதலும் மூன்றும் நான்கும் கணவாயிடம் உள எனலாம். இரண்டாவதை யார் கண்டார்? சேதனை துணியப்படாத இடத்தில் குற்றம் சாற்ற யாம் துணியோம்.

மனிதரிடம் வருவோம். வீடு தேடிச் சென்ற நம்மவரை, “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று வீட்டுக்காரர் வினவுகின்றார். “நாங்கள் பௌத்தர்” என்கிறார் இவர். கேட்டவர் அறிய விரும்பியது அதுவன்றே, இதுவும் ஒளிப்பன்றோ என்பர் சிலர். யாம் உடன்படோம். பிறர் துருவுவதற்கெல்லாம் விடையிறுக்கும் கடமை சீலத்தில் இல்லை. மெய்யையே அவர் சொன்னார்.

வேறொரு சாதியின் பெயரைச் சொல்லி வீடு பெற்றாரெனின்? நான்கு உறுப்புகளும் ஆங்கு நிரம்பின. அதனைச் சீலமென்று எம்மாற் சொல்ல இயலாது. இதனை எழுதுவது எமக்கு எளிதன்று. அவ்வாறு சொன்னோர் எமக்கு அயலாரல்லர், குழந்தைகளோடு தெருவில் நின்றவர். ஆயினும் விடையை மட்டும் எடையிட்டு வினாவை விட்டுவிடுவோரோடும் யாம் சேரோம். கேட்டவருக்கும் சேதனை உண்டு. கணவாயிடம் நமக்கு எட்டாத அவ்வுறுப்பு, வீட்டுக்காரரின் வினாவில் வெளிப்படையாகவே நிற்கின்றது.