நம்பியவர் மீது பழி உண்டா?

மின்னஞ்சலில் ஏமாந்து பணத்தை இழந்தவரிடம் உற்றாரும் அக்கம்பக்கத்தாரும் முதலில் கேட்பது ஏமாற்றியவன் யார் என்பதை அன்று; இதைப் போய் எப்படி நம்பினீர்கள் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கிறது: நம்பியதே குற்றம், ஆகவே இழப்பு அதற்குரிய தண்டனை. இத்தீர்ப்பு அறத்தின்முன் நிற்குமா என்பது கணினிக்கு மிக முற்பட்ட வினா. சமய நூல்களும் காப்பியமும் இதனை வெவ்வேறு கோணங்களில் எதிர்கொண்டுள்ளன.

வங்கி, வருமானவரி அலுவலகம், மேலதிகாரி, திருச்சபை ஆயர் என்று நன்கறிந்த ஒருவரின் பெயரைத் தாங்கி வந்து, ஓர் இணைப்பைத் தொடச் செய்து, போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளும் மின்னஞ்சல் மோசடியை ஃபிஷிங் என்பர். அவ்வாறு பெற்ற கடவுச்சொல்லால் ஒருவரின் கணக்கினுள் நுழைந்து, அவர் பெயரிலேயே அவருடைய நண்பர்களுக்கு எழுதுவதைக் கணக்கு ஹேக் ஆகிவிட்டது என்று வழக்கில் சொல்கிறார்கள். இவற்றுக்கு இடமளித்தது மனிதரின் பேதைமை மட்டும் அன்று. மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறை, 1982-இல் ஜோனதன் போஸ்டல் வரைந்து வெளியிட்ட வடிவில், அனுப்புநர் தம்மை யாரென்று சொல்கிறாரோ அதை அப்படியே ஏற்றுக்கொண்டது; ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் சிறு வட்டத்தில் அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு முகவரியின் பெயரால் அனுப்பும் உரிமை எந்தக் கணினிகளுக்கு உண்டு என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., கடிதத்துக்கு மின்முத்திரை இடும் டி.கே.ஐ.எம். ஆகியவை மிகப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட காவல்களே. அமைப்பே நம்பிக்கையின் மீது எழுப்பப்பட்டிருக்கையில், நம்பிய மனிதரை மட்டும் மூடர் என்பது முறையாகாது.

மதுரை நகருக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் இடையில் உள்ள பசுமலை இவ்வினாவைச் சிந்திக்கப் பொருத்தமான இடம். அமெரிக்க மதுரை மிஷன் 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி, அதாவது திருப்பணியாளரையும் ஆசிரியரையும் பயிற்றுவித்த கல்விச்சாலை, 1845-இல் இங்கு மாற்றப்பட்டது. அத்தகைய சாலைகளில் பாடமாக இருந்த புதிய ஏற்பாட்டிலேயே போலிக் கடிதம் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், திருத்தூதர் பவுலிடமிருந்து வந்ததுபோல் தோன்றும் கடிதத்தைக் கண்டு கலங்கவேண்டாம் என்று சபையாரைக் கேட்டுக்கொண்டு, இறுதி வாழ்த்தைப் பவுல் தம் கைப்பட எழுதுவதாகவும் நிருபந்தோறும் அதுவே தம் அடையாளம் என்றும் கூறி முடிகிறது. இந்த நிருபமே பவுலின் பெயரில் வேறொருவர் எழுதியது என்று கருதும் விவிலிய அறிஞர்கள் பலர் உள்ளனர். அவர்கள் கருத்து சரியாயின், மெய்மைக்குச் சான்றாக வைக்கப்படும் அடையாளமும் பொய்யாக்கத் தக்கதே என்பது தெளிவாகும்.

ஆதியாகமத்தின் ஈசாக்கு இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு. பார்வை மங்கிய அம்முதியவர் தம்முன் நிற்பவன் மூத்தமகன் ஏசாதானா என்று ஐயுற்றார். கேட்டார், தடவிப் பார்த்தார், உணவைச் சுவைத்தார், ஆடையின் வாசனையை முகர்ந்தார். கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு வந்த இளையவன் யாக்கோபு குரல் ஒன்றைத் தவிர எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டான். பல அடையாளங்கள் ஒத்திருக்க ஒன்று மட்டும் முரண்பட்டபோது, ஈசாக்கு பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்தார். கொடுத்த ஆசியைத் திரும்பப் பெறவும் அவரால் இயலவில்லை. முரண்பட்ட அந்த ஒன்றுக்கே அதிக எடை தந்திருக்கவேண்டும் என்பது இன்று கணினிப் பாதுகாப்புத் துறையினர் வற்புறுத்துவது. ஆயினும் இத்தனை சோதித்தவரை அசட்டையாளர் என்று எவரும் சொல்ல முடியாது. சோதித்த பின்னும் ஏமாறுவது மனித நிலையில் உள்ளதே. உற்றவரின் குரலையே செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்க முடிகிற இக்காலத்தில், ஈசாக்குக்கு உண்மையைச் சொன்ன அந்த ஓர் அடையாளமும் உறுதியானதாக இல்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் மதுரையின் சொந்தக் கதை நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், தன் குற்றத்தை மறைக்கக் கோவலனைக் கள்வனென்று பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்கிறான். அவன் தேர்ந்துகொண்ட நேரம் கவனிக்கத்தக்கது: ஊடிய அரசியைத் தணிக்க மன்னன் அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருந்த வேளை. இன்றைய மோசடிக் கடிதங்களும் அவசரத்தையே கருவியாகக் கொள்கின்றன. இன்றே செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று அச்சுறுத்துகின்றன. சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று கொண்டுவருக என்று மன்னன் இட்ட ஆணை, நிபந்தனையோடு கூடியதுதான். ஆனால் அது அரசியின் சிலம்புதானா என்று சொல்லும் பொறுப்பு, குற்றம் சாட்டிய அதே பொற்கொல்லனிடமே போய்ச் சேர்ந்தது. ஐயமிருந்தால் இந்த எண்ணை அழையுங்கள் என்று மோசடிக்காரன் தன் எண்ணையே தருவதும், அதை அழைத்தவர் சரிபார்த்துவிட்டதாக நிம்மதியடைவதும் இதே பிழைதான். கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வனல்லன் என்று ஐயுற்ற காவலரையும் பொற்கொல்லன் கள்வர் இயல்பு பற்றிய நீண்ட சொல்வன்மையால் அடக்கிவிடுகிறான். சிலம்பின் உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்று பார்த்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அந்தச் சோதனை கோவலனின் மனைவி கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபின்தான் நடந்தது.

சைவ மரபு முற்றிலும் வேறான ஒரு நம்பிக்கையைப் போற்றுகிறது. சேதிநாட்டுத் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியாராக வேடம் புனைந்து, சுவடிக்கட்டுக்குள் வாளை மறைத்து வந்து, தனிமையில் அவரைக் குத்துகிறான். வாயிற்காவலன் தத்தன் முன்பே ஐயுற்றுத் தடுத்தும் பயனில்லை. உயிர் பிரியும் நிலையிலும் நாயனார் அவனை ஊறின்றி எல்லை கடத்திவிடுமாறு தத்தனுக்கே ஆணையிடுகிறார். வேடம் பொய்யென்று தெரிந்தபின்னும் அவ்வேடத்துக்குரிய மரியாதையை அவர் திரும்பப் பெறவில்லை. மரபு அவரை ஏமாளி என்று சொல்லாமல் அடியார் வரிசையில் வைத்தது. அப்படியிருக்க, ஆராயாமல் நம்புவதும் ஆராய்ந்து நம்பியவரை ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்று தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவது இதனோடு எவ்வாறு பொருந்தும்?

இரு மன்னர்களையும் அருகருகே வைத்தால் விடை தெரிகிறது. நாயனார் தம் நம்பிக்கைக்குத் தம் உயிரை விலையாகக் கொடுத்தார். பாண்டியன் தன் நம்பிக்கைக்குக் கோவலனின் உயிரைக் கொடுத்தான். தனக்குரியதை இழக்கத் துணிந்து நம்புவது அருளாகலாம். பிறருக்குரியதைக் காக்கும் இடத்தில் இருப்பவர் ஆராயாமல் நம்புவதே குற்றம். பாண்டியன் உண்மை தெரிந்ததும் தன்னையே கள்வன் என்று தீர்ப்பளித்து உயிர்விட்டது இவ்வேறுபாட்டை உணர்ந்ததால்தான்.

இந்த அளவுகோலைக் கொண்டால் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் ஒருவரின் தனியுடைமை மட்டும் அன்று என்பது புலப்படும். கணக்கு களவு போனால் இழக்கப்படுவது, அப்பெயரை நம்பும் நூறு பேரின் நம்பிக்கை. அமெரிக்காவில் ஆயரின் பெயரால் சபையாருக்கு எழுதிப் பரிசு அட்டைகளை வாங்கி அனுப்பச் சொல்லும் மோசடி குறித்து 2019-இல் அந்நாட்டு வணிக ஆணையம் எச்சரித்தது. திருடப்பட்டது ஆயரின் பெயர், பறிபோனது ஏழை விசுவாசியின் பணம். கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் பெயரிலேயே 2018 பிப்ரவரியில் மூன்று பொய்யான பணமாற்று ஆணைகள் சுமார் 20 லட்சம் டாலருக்கு வெளிநாடுகளுக்குச் சென்றன. அவற்றுள் 5 லட்சம் டாலர் மட்டும் வழியிலேயே தடுக்கப்பட்டது. ஆகவே கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைப்பது அச்சத்தின் செயல் அன்று. பிறருக்குச் செய்யும் கடன். சபையின் அல்லது பள்ளியின் பணத்தைக் கையாளும் பொருளாளருக்கு அக்கடன் இருமடங்கு.

சட்டம் ஏமாற்றியவன் பக்கமே குற்றத்தை வைக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறர் அடையாளத்தைத் திருடுவதையும், 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் மூன்றாண்டுவரை சிறைக்குரியனவாக்குகின்றன. இழப்பை யார் தாங்குவது என்பதில்தான் பழைய தீர்ப்பு மீண்டும் தலைதூக்குகிறது. 2017 ஜூலை 6-ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்கிறது. அவரே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், வங்கியிடம் புகார் செய்யும்வரை நேர்ந்த முழு இழப்பும் அவருடையதே. புகாருக்குப் பிந்தைய இழப்பை வங்கி ஏற்கவேண்டும் என்பதால் வங்கிக்கு உடனே தெரிவிப்பதும், இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பதும் இன்றியமையாதவை. எனினும் கவனக்குறைவு என்ற ஒரே சொல், சபைக் கணக்கைக் காக்கும் பொருளாளரையும், அதிகாரி என்று நம்பித் தம் ஓய்வூதியத்தை இழந்த முதியவரையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. பிறர் பொருளைக் காப்பவருக்கே ஆராயும் கடமை முதலில் உரியது என்றால், அக்கடமை முதியவரைவிட அவர் சேமிப்பைக் காக்கும் வங்கியையே அதிகம் சாரும். பல்லாண்டுச் சேமிப்பு ஒரே பிற்பகலில் முன்பின் அறியாத கணக்குக்கு நகரும்போது அங்கிருந்து ஒரு கேள்விகூட எழவில்லையெனில், விசாரிக்கத் தவறியவர் அம்முதியவர் மட்டும் அல்லர்.